எமகண்டத்தில் காலியாகும் அறை

2023 ஆகஸ்டு நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, காலை பத்தே முக்கால். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையின் முதல் மாடியில் சாந்தமேரி ஒரு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, அதன் கால்களை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். மடிக்கணினிப் பையும் வியர்த்த முகமுமாக ஓர் இளைஞன் வாசலில் நிற்பதைப் பார்த்த பிறகும் அறுப்பதை நிறுத்தவில்லை.

“ஒரு நிமிஷம் தம்பி. இது மாப்பிள்ளையோட அம்மா நாற்காலி. இன்னும் கொஞ்சம் கொறையணும்.”

குறைத்து முடித்ததும் அதைப் பக்கத்து நாற்காலியோடு சேர்த்து நிறுத்தினார். ஒரு விரற்கடை வித்தியாசம் இருந்தது. இதில் ஒரு முறையும் அதில் ஒரு முறையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மரத்தூளைப் புடவையிலிருந்து தட்டினார். “மாப்பிள்ளை வீடுன்னு நிமிர்ந்துக்கிட்டு வருவாங்க. இதுல உக்காந்தா யாரா இருந்தாலும் அண்ணாந்துதான் பேசணும். பாதி டிமாண்ட் அங்கயே கொறஞ்சிரும் லா.”

ஐம்பத்தேழு வயது. பருத்திப் புடவை, அதற்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர்கள் அணியும் காலணி, கழுத்தில் ஜெபமாலை. சுவரில் மாதா படத்துக்கும் இராகு காலம் குறித்த தினசரி நாள்காட்டிக்கும் ஒரே அளவு இடம் கொடுத்திருந்தார். இருபது ஆண்டுகளாக அவர் நடத்துவது திருமணத் தகவல் நிலையம். கத்தோலிக்கராக இருந்தாலும் அங்கே வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்துக் குடும்பத்தார்.

“ஒண்டியாவா வந்தீங்க? அப்பா அம்மா எங்க?”

“சுங்கை பட்டாணியில இருக்காங்க ஆன்டி. நான் பொண்ணு பார்க்க வரல. வேலை செய்ய ஒரு ரூம் கெடைக்குமான்னு வந்தேன்.”

“வெட்கப்படாதீங்க. எல்லாரும் மொதல்ல வேற ஏதாச்சும்தான் சொல்லுவாங்க.”

கிஷன் உண்மையிலேயே அறை தேடித்தான் வந்திருந்தான். கப்பல் கொள்கலன்களுக்குக் காப்புறுதி அளிக்கும் ரோட்டர்டாம் நிறுவனம் ஒன்றில், இருந்த இடத்திலிருந்தே பார்க்கும் வேலை அவனுக்கு. மாதத்துக்கு ஓர் ஊரென்று சுற்றுபவன், கோலாலம்பூருக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இணையமும் மேசையும் வாடகைக்குத் தரும் பகிர்வு அலுவலகங்கள் நகரில் மூலைக்கொன்று உண்டு. முதல் இடத்தில் நாற்காலிகளுக்குப் பதில் ஊஞ்சல்கள் தொங்கின. எண்களைப் பற்றிப் பேசும்போது முன்னும் பின்னும் ஆடினால் மேலாளர் ஹென்ட்ரிக்குக்குத் தலை சுற்றுகிறதாம். இரண்டாம் இடத்தில் யாருக்காவது புது வாடிக்கையாளர் கிடைத்தால் ஒரு வெண்கல மணியை அடிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். மூன்றாவது இடத்தின் தொலைபேசிக் கூண்டு இட்லிப் பானை. உள்ளே போனவன் வெந்துதான் வெளியே வந்தான்.

காசும் பொறுமையும் தீர்ந்து, ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மூலையில் மடிக்கணினியைத் திறந்தான். பரிமாறுபவர், மேசையில் ஒருவர் உட்கார்ந்தால் இலை விரித்தாக வேண்டுமென்ற பழக்கத்தில், மடிக்கணினியைத் தூக்கி அதற்கடியில் இலையை விரித்தார். “சாப்பிடல அண்ணே, மீட்டிங்” என்று கிஷன் சைகை காட்டினான். அவர் தலையாட்டிவிட்டுப் பொரியலை மட்டும் வைத்துப் போனார். அன்று ரோட்டர்டாம் கேட்டதெல்லாம் “ரசம், ரசம்” என்ற குரல்தான். அது மூன்றாவது புகார். தகுதிகாண் காலத்தில் இருப்பவனுக்கு நான்காவது புகார் கிடையாது என்று ஹென்ட்ரிக் மரியாதையான சொற்களில் எழுதியிருந்தார். அடுத்த நாள் காலை தெருவில் அலைந்தபோதுதான் புடவைக் கடை ஓரத்தில் அந்தப் பலகை கண்ணில் பட்டது: “ஏசி அறைகள். முழு அமைதி. இரகசியம் காக்கப்படும். வைஃபை உண்டு.”

இதையெல்லாம் கேட்ட சாந்தமேரி அவனை உள்ளே அழைத்துப் போனார்.

உள்ளே மூன்று அறைகள் இருந்தன. ஒன்று பெண் வீட்டாருக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு, நடுவில் இருப்பது இருவரும் சந்திக்க. வீட்டுக்கு வரச் சொன்னால் அக்கம்பக்கம் பார்க்கும் என்பதால் இப்போது பல குடும்பங்கள் பெண் பார்க்கும் சடங்கை இங்கேயே வைத்துக்கொள்கின்றன. ஒருமுறை பெண்ணின் சித்தி மாப்பிள்ளையின் முன்வழுக்கையைப் பற்றிச் சொன்ன ஒரு சொல் சுவர் தாண்டிக் கேட்டு, கூடி வந்த சம்பந்தம் அறுந்தது. அன்றே சாந்தமேரி, மூடிய ஒரு கராவோகே கூடத்திலிருந்து ஓசையடக்கும் மெத்தைகளை வாங்கிவந்து மூன்று அறைகளுக்கும் அடித்தார். மாப்பிள்ளை அறையின் சுவர் ஊதா நிறம், அதில் வெள்ளி இசைக்குறிகள். கதவை மூடினால் வெளியே மோனோரயில் போவதுகூடக் கேட்காது. கதவில் உள்ளங்கையளவு ஒரு கண்ணாடி, வெளியிலிருந்து அவர் மட்டும் எட்டிப் பார்ப்பதற்கு.

விளக்குகள் ஒரு கல்யாணப் புகைப்படக்காரர் அமைத்தவை. மூன்று பக்கத்திலிருந்தும் பொன்னிறமாக விழும். உட்காருபவன் எவனாயினும் அப்போதுதான் குளித்துப் பால் குடித்தவன்போல் இருப்பான். வெளிநாட்டு மாப்பிள்ளைகளோடு காணொளியில் பேசுவதற்கென்று போட்ட இணையமோ ஊஞ்சல் அலுவலகத்தைவிட வேகம்.

“வாடகை எவ்ளோ ஆன்டி?”

சாந்தமேரி சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். எதிர் மாடியிலும் ஒரு திருமண நிலையம். அதன் உரிமையாளர் சன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். “இது ஆடி மாசம். ஒரு பய வரமாட்டான். என் கடை காலியா கெடந்தா அந்தாளு இங்க பார்த்து பார்த்து சிரிக்கறான். நீ முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு வந்து உக்காரு. மாப்பிள்ளை இருக்கற மாதிரி இருக்கும். அதுதான் வாடகை.”

அவர் ‘நீங்க’ என்பதிலிருந்து ‘நீ’க்கு இறங்கிவிட்டதை வைத்து, இடம் கிடைத்துவிட்டது என்று கிஷன் புரிந்துகொண்டான்.

முதல் இரண்டு வாரங்கள் அவன் வாழ்வின் பொற்காலம். பேச்சுத் தொடங்குமுன் சாந்தமேரி கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று, தம் மோவாயில் இரண்டு விரல்களை வைத்து மேலே தூக்கிக் காட்டுவார். முகத்தை நிமிர்த்து என்று பொருள். இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் காட்டிவரும் சைகை அது. கிஷனும் நிமிர்த்துவான். ஹென்ட்ரிக் அவனிடம், விடுமுறைக்குப் போய்வந்தாயா, உடம்பு தேறியிருக்கிறதே என்று விசாரித்தார்.

வருகிறவர்களுக்குச் சாந்தமேரி கிரீம் கிராக்கர் பிஸ்கட் மட்டுமே தருவார். உலர்ந்த பிஸ்கட் நாக்கில் ஒட்டிக்கொள்ளும், மகனின் சம்பளத்தை ஏற்றிச் சொல்லவரும் தகப்பனார் அதற்குள் தண்ணீர் தேட வேண்டியிருக்கும். ஆண்களை அவர் எடைபோடுவது கதவை மூடும் விதத்தில். “அடிச்சு மூடறவன் வேணாம். மூடாமலே போறவன் வேணவே வேணாம்” என்பார். கிஷன் ஓசையின்றி மூடுவான், கைப்பிடியைப் பிடித்துத் திருப்பி. அவர் அதைக் கவனித்தார்.

ஆவணி பிறந்தது. மாடிப்படியில் கூட்டம் ஏறத் தொடங்கியது. கிஷன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தபோது சாந்தமேரி நாள்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். “எங்க போற? இராகு காலத்துல எவன் பொண்ணு பார்க்க வருவான்? எமகண்டத்துல எவன் வருவான்? அந்த நேரமெல்லாம் ரூம் உனக்குத்தான்.”

“நீங்க இதெல்லாம் நம்பறீங்களா ஆன்டி?”

“நான் ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறவ. நம்பறது அவங்க. காலியா இருக்கறது என் ரூம்.”

கிஷன் ரோட்டர்டாம் கடிகாரத்தையும் நாள்காட்டியையும் பொருத்திப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை இராகு காலம் பிற்பகல் மூன்று மணிக்கு. வெள்ளிக்கிழமை எமகண்டம், அதுவும் மூன்று மணிக்கு. ரோட்டர்டாமில் அப்போது காலை ஒன்பது. கச்சிதம். தன் முக்கியமான பேச்சுகள் அனைத்தையும் செவ்வாய், வெள்ளி மூன்று மணிக்கே வைத்துக்கொண்டான். காரணம் கேட்டவர்களிடம் உள்ளூர் விதிமுறை என்றான். ஒழுங்கை மதிக்கும் ஹென்ட்ரிக், விதிமுறைக்குப் பெயர் என்ன என்று கேட்டு, நிறுவனத்தின் பொது நாட்காட்டியில் செவ்வாய்க்கிழமைச் சந்திப்புக்கு ‘ராகு’ என்றே பெயரிட்டார். ரோட்டர்டாமில் பதினான்கு பேர் வாரந்தவறாமல் இராகு காலத்தில் நல்ல காரியம் தொடங்கினார்கள்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவுசெய்யும் சந்திப்புக்கு நாள் வந்தது. ஆறு பேர் கேள்வி கேட்பார்கள். புதன்கிழமை, மூன்று மணி. மாற்ற இயலாது.

சாந்தமேரி நாள்காட்டியைப் பார்த்தார். வளர்பிறை முகூர்த்தம். “அன்னிக்கு கிள்ளான்லேர்ந்து ரவாங் வரைக்கும் ஒரு மண்டபம் காலி இல்ல. எனக்கும் மூணு ரூம் வேணும். ரெண்டு வருஷமா பேசி முடிச்ச எடம். கிள்ளான் பையன், ரவாங் பொண்ணு. அன்னிக்குத்தான் பாக்கறாங்க.”

“பரவால்ல ஆன்டி. நான் வேற எங்கயாச்சும் பார்க்கறேன்.”

“எங்க, எலை போடறவன்கிட்டயா?” கொஞ்ச நேரம் ஜெபமாலையை உருட்டினார். “வேலை போயிருமா?”

“சத்தம் கேட்டா போயிரும்.”

அவர் தொலைபேசியை எடுத்து, அவன் எதிரிலேயே கிள்ளானுக்குப் பேசினார். மாப்பிள்ளை விஜயன், துறைமுகத்தில் பொறியாளர். பேசியது அவனுடைய அம்மாவோடு. “ஆமாம்மா, மூணு மணி வேணாம். நம்ம பையன் நட்சத்திரத்துக்கு நல்ல நேரம் நாலுலதான் ஆரம்பிக்குது. நான் கேட்டுட்டேன்.” தொலைபேசியை வைத்தார். மாதா படத்தைப் பார்த்து அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். “நாலு மணிக்குள்ள முடிச்சுரு.”

புதன்கிழமை மூன்று மணிக்கு ஊதா அறையில் கிஷன் பேசத் தொடங்கினான். கண்ணாடிக்கு வெளியே இரண்டு விரல்கள் மோவாயைத் தூக்கிக் காட்டிவிட்டு மறைந்தன. பெண் வீட்டார் வந்தார்கள், அவர்களுக்குரிய அறையில் அமர்த்தப்பட்டார்கள், பிஸ்கட் பெற்றார்கள். சிக்கல் கீழேயிருந்து வந்தது. நேரம் தள்ளிப்போனதை நம்பாத விஜயனின் அம்மா மூன்றரை மணிக்கே வந்துவிட்டார். அவரை மேலே ஏறவிடாமல் நிறுத்த, சாந்தமேரி கீழ்த்தளத்துப் புடவைக் கடைக்குள் அழைத்துப் போய், காஞ்சிபுரம் ஒவ்வொன்றாக விரிக்கச் சொன்னார்.

மாடியில் அப்போது காவலுக்கு ஆளில்லை. பெண்ணின் அத்தை சீதாலெட்சுமி எழுந்தார். மாப்பிள்ளையை அவனுக்குத் தெரியாமல் முதலில் பார்த்துவிடுவது அத்தையின் உரிமை என்று கருதுபவர். கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்தார். உள்ளே, முழுக்கைச் சட்டையில், பொன்னொளியில், பையன் ஒருவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். திரையில் ஆறு வெள்ளைக்காரர்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க எல்லாரும்,” என்றார் தம் கூட்டத்திடம். “மாப்பிள்ளை ரெடி. வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் லைன்ல வந்துட்டாங்க.”

“வெள்ளைக்காரங்களா இருக்காங்களே, அண்ணி?” என்றார் பெண்ணின் தாயார்.

“பெரியப்பா யாராச்சும் அங்க கல்யாணம் கட்டியிருப்பாரு. நமக்கென்ன. பையன் நல்ல கலரு.”

ஐந்து பேர் தாம்பாளங்களோடு உள்ளே வந்தார்கள். தட்டேந்தி வாசற்படி தாண்டிவிட்டால் வைக்காமல் திரும்பக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். வைப்பதற்கு இருந்தது ஒரே மேசை, அதில் மடிக்கணினி. ஆகவே கிஷனின் பின்னால் வரிசையாக நின்றார்கள். சேதமடைந்த கொள்கலன்களின் விழுக்காட்டைச் சொல்லிக்கொண்டிருந்தவன், திரையின் மூலையில் தன் தலைக்குப் பின்னால் ஒரு சீப்பு வாழைப்பழம் எழுவதைக் கண்டான். அதையடுத்து ஓர் அன்னாசி. அதற்கும் பின்னால், புன்னகை தவழும் ஐந்து முகங்கள்.

ஹென்ட்ரிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இவர்கள் யார் என்று கேட்டார்.

கிஷனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பிஸ்கட் தின்ற தகப்பனார்களின் நிலை அவனுக்கு அப்போது விளங்கியது. “உள்ளூர்ப் பிரதிநிதிகள்,” என்றான் ஆங்கிலத்தில்.

சீதாலெட்சுமி தாம்பாளத்தைப் பெண்ணின் தாயாரிடம் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கும்பிட்டார். ரோட்டர்டாமில் ஆறு பேரும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கும்பிட்டார்கள்.

“அங்கிள்,” என்றார் அவர் ஹென்ட்ரிக்கிடம், நரைமுடியை வைத்து மூத்தவர் அவர்தான் என்று கணித்து. “ஹவ் மெனி பிரதர்ஸ்?”

ஹென்ட்ரிக், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பண்பாட்டில் வளர்ந்தவர். இரண்டு என்றார்.

“பாய் எப்படி? குட் பாயா?”

மிக நல்லவன், நேரந்தவறாதவன், ராகுவை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று ஹென்ட்ரிக் சொன்னார். ராகு என்ற சொல் வெள்ளைக்காரர் வாயிலிருந்து வந்ததும் பெண்ணின் தாயார் கண்ணை மூடி நெற்றியில் கைவைத்தார். எவ்வளவு ஆச்சாரமான குடும்பம்.

“கடைசியா ஒண்ணே ஒண்ணு, அங்கிள்.” சீதாலெட்சுமி குரலைத் தாழ்த்தினார். “ஜாப் பெர்மனன்டா?”

கிஷன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஹென்ட்ரிக் தம் ஐந்து சகாக்களைப் பார்த்தார். பிறகு வாழைப்பழத்தையும் அன்னாசியையும் பதிலுக்குக் காத்திருக்கும் ஐந்து முகங்களையும் பார்த்தார். இத்தனை பேரின் எதிரில் இல்லையென்று சொல்ல அவரால் முடிந்திருக்காது.

“ஆம்,” என்றார். “இன்று முதல்.”

சாந்தமேரி நான்கு மணிக்கு விஜயனையும் அவன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மேலே வந்தபோது, மடிக்கணினி மூடிக்கிடந்தது, தாம்பாளங்கள் மேசைமேல் இருந்தன, பெண் வீட்டார் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

“நாங்க பார்த்துட்டோம் அக்கா,” என்றார் சீதாலெட்சுமி. “ரொம்பப் பிடிச்சிருக்கு. வெளிநாட்டுப் பெரியப்பாகிட்டயும் பேசியாச்சு.”

“எந்தப் பெரியப்பா?” என்றார் விஜயனின் அம்மா.

விளக்கிச் சொல்லி முடிக்கச் சாந்தமேரிக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. முடிந்தபோது சம்பந்தமும் முடிந்திருந்தது. நிரந்தர வேலையில் இருப்பவனைப் பார்த்த கண்ணால் வேறொருவனைப் பார்க்கமாட்டோம் என்று ரவாங் வீட்டார் போய்விட்டார்கள். விஜயனின் அம்மா குள்ள நாற்காலியில் உட்கார்ந்து, யார் முகத்தைப் பார்க்கவும் அண்ணாந்து, அழுதார். எதிர் மாடிக்காரர் தேநீரோடு சன்னலுக்கு வந்தார்.

எல்லோரும் போன பிறகு கிஷன் மேசையருகே நின்றான். இரண்டு ஆண்டு உழைப்பு தன்னால் போயிற்று என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

“ஆன்டி, நான் என்ன செய்யணும்?”

சாந்தமேரி மீந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்தார். “எனக்கு நீ ஒரு கல்யாணம் கடன்.”

“எப்படிக் கட்டறது?”

“ஒரு நாள் எந்தப் பயலாச்சும் கடைசி நிமிஷத்துல கைவிடுவான். அப்ப கூப்பிடுவேன். எங்க இருந்தாலும் வந்து மாப்பிள்ளையா இந்த நாற்காலியில உக்காரணும். கட்டிக்கச் சொல்லல. உக்காரணும். அந்தப் புள்ளைக்கு அன்னிக்கு அவமானம் இல்லாம போகணும்.” பழத்தைப் பாதியாக ஒடித்து அவனிடம் நீட்டினார். “வேலை நிலைச்சிருச்சா?”

“நிலைச்சிருச்சு ஆன்டி.”

“அப்ப சாப்பிடு.”

அதன்பின் கிஷன் ஊர் ஊராகப் போனான். தானாங், திபிலீசி, லிஸ்பன். எங்கே போனாலும் பகிர்வு அலுவலகத்தில் முதலில் விளக்கைப் பார்ப்பான், பிறகு கதவை. அலமாரியில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை ஒன்று எப்போதும் தயாராகத் தொங்கும். மலேசிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் முதலில் அந்தச் சட்டையைத்தான் பார்ப்பான். சாந்தமேரி ஆண்டுக்கு மூன்று நான்கு முறை அழைத்தார். “தம்பி, வைஃபைல செவப்பு லைட்டு எரியுது, எதைப் புடுங்கி எதுல சொருகணும்?” ஒவ்வொரு முறையும் அவன், “வேற ஏதாச்சும் இருக்கா ஆன்டி?” என்று கேட்பான். “வேற என்ன, லைட்டு பச்சையாயிருச்சு,” என்று வைத்துவிடுவார். விஜயனுக்கு அடுத்த ஆண்டே அவர் வேறிடம் பார்த்து முடித்துவைத்த செய்தியும் அப்படியொரு சிவப்பு விளக்கின் நடுவேதான் அவனுக்குக் கிடைத்தது.

2025 ஆவணியில், தன் கல்யாணப் பத்திரிகையோடு கிஷன் மறுபடியும் அந்த மாடிப்படி ஏறினான். பெண் அமுதவள்ளி, கூடப் படித்தவள். எந்த நிலையமும் நடுவில் இல்லாமல் முடிவான சம்பந்தம். மணமானவன் இன்னொரு பெண்ணின் முன்னால் மாப்பிள்ளையாக உட்கார முடியாது. கடனைக் கட்டாமல் ஏமாற்றப்போகிறோம் என்ற குற்றவுணர்ச்சி ஒவ்வொரு படியிலும் கூடியது.

மூன்று அறைகளும் நிறைந்திருந்தன. முகூர்த்த நாள். மாப்பிள்ளை அறையில், திறந்த கதவு வழியே, குள்ள நாற்காலியில் விஜயனின் அம்மா தெரிந்தார். இளைய மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார். கிஷனைக் கண்டதும் கைப்பையை இறுக அணைத்துக்கொண்டார். “இந்தப் பையனா, மறுபடியுமா?”

சாந்தமேரி பத்திரிகையை வாங்கிப் பிரித்தார். நாளைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார். “யாரு முடிச்சு வச்சது?”

“நாங்களேதான் ஆன்டி. அந்தக் கடன்...”

அவன் சொல்லி முடிப்பதற்குள் பையில் கைப்பேசி அலறியது. ரோட்டர்டாம். ஒரு கப்பல் நிறையக் கொள்கலன்கள் நனைந்துவிட்டன, உடனே அனைவரும் காணொளிக்கு வரவேண்டும். கிஷன் கைப்பேசியையும் நிறைந்த அறைகளையும் மாறி மாறிப் பார்த்தான். “நான் கீழ போய்ப் பேசிக்கறேன்.”

சாந்தமேரி பத்திரிகையை இடுப்பில் செருகிக்கொண்டு மாப்பிள்ளை அறைக்குள் போனார். “அம்மா, எழுந்திரிங்க. இப்பத்தான் நாள்காட்டி பார்த்தேன். இன்னொரு அரை மணி நேரம் பால்கனியில நின்னா பையனுக்கு ரொம்ப விசேஷம்.”

குடும்பம் முணுமுணுத்தபடியே பிஸ்கட் தட்டோடு வெளியேறியது. சாந்தமேரி விளக்குகளைப் போட்டார், “கடன் அப்புறம், மொதல்ல வேலை” என்று கிஷனை முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார், கதவை ஓசையில்லாமல் மூடினார், கைப்பிடியைப் பிடித்துத் திருப்பி.

கிஷன் மடிக்கணினியைத் திறந்து நிமிர்ந்தான். உள்ளங்கையளவு கண்ணாடிக்கு அப்பால் அவர் நின்றுகொண்டிருந்தார், மோவாயில் இரண்டு விரல்களை வைத்து, மேலே தூக்கியபடி.